கை அங்கே, வாய் இங்கே

எங்கள் சபையில் யார் உள்ளே வந்தாலும் வாசலில் நிற்கிற உதவிக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "கர்த்தருடைய சமாதானம்" என்பார். வந்தவரும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் வாசலுக்கு உதவிக்காரன் என் கணவன் எராஸ்மு. கிரானைட் அறுக்கும் பட்டறையில் ஒரு கல் பலகை சரிந்து அவன் வலது தோளை நசுக்கிய நாளிலிருந்து இடது கையைத்தான் நீட்டுவான். ஊரில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. அவனைப் பார்த்ததும் தானாகவே இடது கையை நீட்டுவார்கள்.

நானும் அவனும் ஒரே பேருந்தில்தான் வருவோம். வழியெல்லாம் சண்டை நடக்கும். இறங்கியதும் அவன் எனக்கு முன்னால் வேகமாக நடந்து போய் வாசலில் நின்றுகொண்டு, என்னை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவன் போலக் கையை நீட்டி, "கர்த்தருடைய சமாதானம், சகோதரி ஜூசேலியா" என்பான். சிரிப்பை அடக்கிக்கொண்டு நானும் சமாதானம் சொல்வேன். அதோடு சண்டை தீர்ந்தது. எத்தனையோ ஞாயிறுகள் எங்கள் குடும்பம் அந்த வாசலில்தான் சரியாகியிருக்கிறது.

அந்த ஞாயிறு அவன் கையை நீட்டவில்லை. இடது கையில் பாட்டுத்தாள் கட்டு ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். நான் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பின்னால் வந்தவர்கள் பார்த்தார்கள். கூடத்துக்குள் போய் உட்கார்ந்த பிறகு கவனித்தேன், பக்கத்து இருக்கைக்காரி என்னிடம் சமாதானம் சொல்லும்போது தன் கைப்பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. அவமானம் அதைவிட அதிகமாக வந்தது.

இந்தக் கைக்கு என்ன வந்தது என்று சொல்கிறேன்.

நான் அரசாங்க சுகாதார நிலையத்தில் நர்ஸ் உதவியாளர். தீராத வலிக்காரர்கள் எங்களிடம் நிறையப் பேர். பாதிப் பேர் கல் பட்டறையில் உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள். மாத்திரை தின்று தின்று வயிறு புண்ணானவர்களுக்கு வேறு ஏதாவது செய்யலாம் என்று நகராட்சி, கை வைத்தே வலியைத் தணிக்கும் ரெய்கி என்ற ஜப்பானிய முறைக்கு வகுப்பு வைத்தது. நிலையத்தின் பொறுப்பாளர் கிராசியேலா என்னை அனுப்பினாள். அன்று எனக்கு மட்டும்தான் வேறு வேலை இல்லை, அதுதான் காரணம். போனேன். ஊதுவத்திப் புகையில் தும்மினேன். உடம்பின் மேல் கையை வைத்து அசையாமல் இருக்க வேண்டும், காற்றில் சில வடிவங்களை வரைய வேண்டும் என்றார்கள். வரைவது எனக்கு ஒப்பவில்லை. அதனால் வரைய வேண்டிய நேரத்தில் மனதுக்குள் 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டேன். யாருக்கும் தெரியாது. அப்படியே பழகிவிட்டது.

கை சூடாகும். அது உண்மை. படுத்திருப்பவர்கள் தூங்கிவிடுவார்கள். குணமாயிற்று என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் ராத்திரியெல்லாம் கண் மூடாத மனிதன் என் கைக்குக் கீழே குறட்டை விடுவதைப் பார்த்த பிறகு, இதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் எராஸ்முவுக்கும் வைப்பேன். சாப்பிட்டதும் ஒருக்களித்துப் படுப்பான். நான் பின்னால் உட்கார்ந்து அந்தத் தோளில் கையை வைப்பேன். கல் விழுந்ததற்குப் பிறகு எங்களுக்குள் மிச்சமிருந்த நல்ல நேரம் அதுதான். அதற்கு நாங்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கு முன்பு ஒருநாள் மாலை பாஸ்டர் அடில்சன் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். நிலையத்தில் நான் செய்வது என்னவென்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். வடிவம் வரைவதில்லை, சங்கீதம்தான் சொல்கிறேன் என்பதையும் சொன்னேன். அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"மனசுக்குள்ள சொன்னா படுத்திருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும், சகோதரி?" என்றார். "எந்திரிச்சுப் போய் அவங்க யாருக்கு நன்றி சொல்றாங்க?"

நான் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

"உங்களைக் குத்தம் சொல்ல வரல. எங்கம்மா என் தங்கச்சியைத் தூக்கிக்கிட்டு கை வைக்கிறவங்க வீடு வீடா அலைஞ்சாங்க. எல்லாரும் நல்லவங்கதான். எல்லார் கையும் சூடாத்தான் இருந்துச்சு. தங்கச்சி செத்துப்போச்சு. அதுலேருந்து, பேர் சொல்லாம வர்ற சூட்டைக் கண்டா எனக்குப் பயம்."

மனிதர் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கண் கலங்கியிருந்தது. அடுத்து எராஸ்முவின் பக்கம் திரும்பி, வீட்டிலும் இது உண்டா என்று கேட்டார்.

எராஸ்மு காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தோள்ல வைப்பா. பொண்டாட்டி கை, பாஸ்டர்."

"அங்க வைக்கிறதும் இதே கைதானே?"

இருப்பது ஒரு ஜோடிக் கை. அங்கே கழற்றி வைத்துவிட்டு வேறு மாட்டிக்கொண்டு வர முடியுமா? சபை இதை ஆராய்ந்து முடிவு சொல்லும்வரை வீட்டில் கை வைக்க வேண்டாம், உதவிக்காரன் தன் வீட்டை ஒழுங்காக நடத்துகிறவனாக இருக்க வேண்டும் என்று வேதம் சொல்கிறதே என்று பாஸ்டர் நினைவூட்டினார். எராஸ்மு தலையாட்டினான். பட்டறை அவனை வேண்டாம் என்று அனுப்பிய பிறகு அவன் நிமிர்ந்து நிற்கிற ஒரே இடம் அந்தச் சபை வாசல். அது எனக்குத் தெரியும். அதனால்தான் அன்று வாயை மூடிக்கொண்டேன்.

கை வைப்பதைத்தானே விட்டோம், மற்றபடி புருஷன் பெண்டாட்டிதானே என்று நினைத்தேன். அது அப்படி நிற்கவில்லை. காலையில் சட்டை மாட்ட அவனுக்கு உதவி வேண்டும். வலது கை மார்புக்கு மேலே போகாது. நான் சட்டையை விரித்துக்கொண்டு கிட்டே போனால் அவன் உடம்பு இறுகியது. "நானே போட்டுக்கிறேன்" என்பான். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் முனகுவதைக் கேட்டபடி இந்தப் பக்கம் நிற்பேன். ஒருநாள் சோளக்களி கிண்டும் மரக்கரண்டியைக் காணவில்லை. தேடிப் போனால், கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கரண்டி நுனியில் வலி மருந்தை அப்பி முதுகுப் பக்கம் தடவிக்கொண்டிருந்தான். பாதி மருந்து சட்டையில், மீதி சுவரில்.

"கரண்டிக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "கோவப்படாத ஜூ. எது எதுன்னு எனக்குத் தெரியல. நீ தொட்டா சூடா இருக்கு. அது நல்லா இருக்கு. நல்லா இருக்கிறதாலதான் பயமா இருக்கு."

கரண்டியை வாங்கிக் கழுவிவைத்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மறுநாள் புதுக் கரண்டி வாங்கினேன். பழையது அவனுக்கே ஆயிற்று.

பெயர் சொல்லாமல் வருகிற சூடுதானே பாஸ்டருக்குப் பயம், பெயரைச் சொல்லிவிட்டால் போயிற்று என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை நிலையத்தில் கை வைக்கும்போது வாய்விட்டு ஜெபித்தேன். படுத்திருந்தது, வயதுக்கு மரியாதை கொடுத்துத் தோனா என்று நாங்கள் கூப்பிடும் டிர்சி. வெள்ளையுடுத்தி முரசு கொட்டி ஆவிகளை வரவழைக்கிற கூட்டத்தில் பெரிய ஆள். தெருவில் அவளைக் கண்டால் எங்கள் சபைக்காரர்கள் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். முழங்கால் வலிக்கு என்னிடம்தான் வருவாள். 'இயேசுவின் நாமத்தில்' என்று நான் ஆரம்பித்ததும் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"மகளே, நான் முட்டி வலிக்கு வந்தேன். ரட்சிக்கப்பட வரல."

திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கிராசியேலா காதிலும் விழுந்தது. பிற்பாடு என்னைக் கூப்பிட்டாள். என்னைவிடச் சின்னவள், நல்ல பெண், ஆனால் விதி என்றால் விதி. அரசாங்கத்துக்கு மதம் கிடையாது என்றாள். இங்கே வருகிறவர்களில் கத்தோலிக்கர் உண்டு, முரசுக்காரர் உண்டு, ஒன்றுமே இல்லாதவர் உண்டு என்றாள். "கை மட்டும், ஜூ. வாய் வேண்டாம்" என்று முடித்துவிட்டாள்.

ஆக நிலையத்தில் கை வைக்கலாம், வாய் திறக்கக் கூடாது. சபையிலோ வாய் திறந்து எவ்வளவு வேண்டுமானாலும் ஜெபிக்கலாம். கை வைப்பது மட்டும் நோயாளிக்குப் பூச எண்ணெய்க் குப்பியோடு வருகிற மூப்பர்களின் வேலை, பெண்களுக்கு இல்லை. கை அங்கே, வாய் இங்கே. நடுவில் உடம்பு மட்டும் என்னுடையது.

நான் வாடிப்போயிருப்பதைப் பார்த்த கிராசியேலாவுக்கு மனது கேட்கவில்லை. உங்கள் சபைக்காரர்களுக்கு அந்த ஜப்பான் பெயர்தானே பிரச்சினை, பெயரை மாற்றிவிடுவோம் என்றாள். சுகாதார அமைச்சகத்தின் பட்டியலில் ரெய்கிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெயரும் இருக்கிறதாம். மறுவாரம் கதவில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. 'கைகளை வைத்தல். செவ்வாய், வியாழன் பிற்பகல்.'

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். கிராசியேலா ஞாயிறு பள்ளியில் வேதம் படித்தவள் இல்லை. அந்த இரண்டு வார்த்தைக்கு எங்கள் ஊரில் நோயாளிமேல் கை வைத்து ஜெபிப்பது என்று அர்த்தம், அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தும் அந்தத் தாளைப் பார்த்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது, மடச்சி.

வியாழக்கிழமை வரிசை தெருவரைக்கும் நின்றது. அரசாங்கமே கைகளை வைத்து ஜெபிக்க ஏற்பாடு செய்துவிட்டது என்று ஊர் முழுக்கச் செய்தி. எங்கள் சபைக்காரர்கள் மட்டுமில்லை, ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற சபைகளிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒருத்தி ஆலிவ் எண்ணெய்க் குப்பியைத் திறந்தே பிடித்துக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி, பட்டறை வேலைக்குப் போன மகன் வர முடியாது என்று அவன் சட்டையைக் கொண்டுவந்து கட்டிலில் படுக்கவைத்தாள். சட்டைக்குக் கையை வைத்தேன், வேறு என்ன செய்வது? போர்ச்சுகலுக்குப் போக மருமகளுக்கு விசா கிடைக்குமா என்று ஆண்டவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார் ஒரு பெரியவர். வரிசையில் நின்ற தோனா டிர்சி, "எங்க கூட்டத்துலகூட இவ்வளவு கேக்க மாட்டோம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நானோ கிராசியேலா சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்துக்காகக் காத்திருந்தார்கள். ஜெபம் வரவில்லை. எழுந்து போய், சகோதரி ஜூசேலியாவுக்குக் கர்வம் வந்துவிட்டது, கை வைக்கிறாள், ஒரு ஆமென்கூடச் சொல்வதில்லை என்று சபையில் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

பாஸ்டர் மறுபடி வந்தார். இந்தத் தடவை காபி குடிக்கவில்லை.

"ரெய்கின்னு இருந்தப்ப அது வாசலுக்கு வெளியில இருந்துச்சு. இப்ப நம்ம வீட்டுப் பேரை வச்சுக்கிட்டு உள்ளயே வந்திருச்சு, சகோதரி."

பெயரை மாற்றியது நான் இல்லை என்று சொன்னேன். நம்பினார். அதனால் ஒன்றும் மாறவில்லை. ரெய்கி என்று இருந்தபோது நான் பெயரில்லாத சக்தியைத் தொடுகிறவள். இப்போது மூப்பர்களின் வேலையைத் திருடுகிறவள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனக்கு வாய் அடங்கவில்லை.

"நான் பிள்ளை பெத்தப்ப மருத்துவச்சி என் வயித்துல கை வச்சா, பாஸ்டர். அவ மூப்பரா?"

எராஸ்மு நாற்காலியிலேயே நெளிந்தான். பாஸ்டருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்து போனது. பிறகு அந்தச் சிரிப்பு இருந்த இடமே தெரியாமல் சொன்னார்: மூப்பர்கள் கூடிப் பேசிவிட்டார்கள். வருகிற திருவிருந்து ஞாயிறன்று நான் சபைக்கு முன்னால் நின்று அதை விட்டு விலகுவதாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை. திருவிருந்தில் எனக்கு அப்பமும் திராட்சரசமும் கிடையாது. எராஸ்மு வாசலில் நிற்க முடியாது. சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, எராஸ்முவைப் பார்த்தார். இதை அவரும் ஆசைப்பட்டுச் செய்யவில்லை என்று தெரிந்தது. தெரிந்து என்ன பயன்?

அவர் போன பிறகு எராஸ்மு ஒன்றும் கேட்கவில்லை. நீ விட்டுவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். விடாதே என்று சொல்லியிருந்தாலும் எப்படியாவது தாங்கியிருப்பேன். அவன் இரண்டையும் சொல்லாமல், சபை வாசலில் நிற்கும்போது போடுகிற வெள்ளைச் சட்டையை அடுத்த நாள் காலையில் எடுத்து இடது கையால் இஸ்திரி போட்டான். காலரை மடக்கிப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். முகவாயால் பிடித்துக்கொண்டான். நான் வாங்கிப் போட்டிருக்கலாம். என் கையை அந்தச் சட்டையில் வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டேன். என் புருஷன் சட்டையைத் தொட நானே யோசித்தேனே, அன்றைக்குத்தான் எனக்கு வெறுத்துப்போயிற்று.

கிராசியேலாவிடம் போய்த் தடுப்பூசி அறைக்கு மாற்றச் சொன்னேன். அவளுக்கு வருத்தம். இந்த வேலைக்கு வேறு ஆள் பயிற்சி எடுத்துவரும்வரை கட்டில் காலியாகத்தான் கிடக்கும் என்றாள். கடைசியில் சரி என்றாள். கதவில் இருந்த தாளைக் கிழித்தது நான்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தோனா டிர்சி பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது கேலி வரும் என்று காத்திருந்தேன்.

"அப்ப இனிமே வலிச்சா நான் எங்க வர்றது, மகளே?" என்றாள்.

கேலியாக இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஊசி போட வாருங்கள் என்று உளறிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்த விதத்தை இப்போது நினைத்தாலும் மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

திருவிருந்து ஞாயிறு காலை. வெள்ளைத் துணி போட்ட மேசையில் அப்பத் தட்டும் சின்னச் சின்னக் கிண்ணங்களும் தயாராக இருந்தன. என்னை முன்னால் கூப்பிட்டார்கள். வாசல் பக்கமாகத் திரும்பி நின்றேன். எல்லோருக்கும் பின்னால் எராஸ்மு தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்னால் கட்டினால் ஏதோ செய்வது போல இருந்தது. பின்னால் கட்டினால் எதையோ ஒளிப்பது போல இருந்தது. தொங்கப் போட்டுக்கொண்டேன்.

பாஸ்டர் கேட்டார்: "உங்க கையில இருக்கிறதா சொல்ற அந்தச் சக்தியை விட்டு விலகுறீங்களா, சகோதரி?"

இந்தக் கேள்விக்குத்தான் அத்தனை நாளும் மனதுக்குள் பதில் தேடிக்கொண்டிருந்தேன். விலகுகிறேன் என்றால் அது அங்கே இருந்தது என்று ஆகும். விலகவில்லை என்றால் வாசல் போய்விடும்.

"என் கையில ஒண்ணும் இல்ல, பாஸ்டர். எப்பவும் இருந்ததில்ல" என்றேன்.

சபை ஆமென் என்றது. பாஸ்டர் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முட்டாள் இல்லை. நான் சொன்னதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். அவர் கேட்கவில்லை. பெருமூச்சு விட்டு, சகோதரியை முழு ஐக்கியத்தில் ஏற்றுக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் வலது கையை உயர்த்துங்கள் என்றார்.

எங்களிடம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். பாஸ்டரைத் தேர்ந்தெடுப்பதானாலும், கூரைக்கு ஓடு மாற்றுவதானாலும், விழுந்தவர்களைத் திரும்பச் சேர்ப்பதானாலும் வலது கை. கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. எண்ணெய்க் குப்பிக்காரியும் தூக்கினாள், சட்டைக்காரியும் தூக்கினாள்.

பாஸ்டர் வாசலைப் பார்த்து, "உதவிக்காரர் இடது கையைத் தூக்கலாம், பரவால்ல" என்றார்.

எராஸ்மு கேட்காதவன் போல நின்றான். பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தான். மார்புவரை கொண்டுவந்தான். அதற்கு மேல் போகாது என்று எனக்குத் தெரியும். கல் விழுந்த நாளிலிருந்து போனதில்லை. அவன் தூக்கினான். தோளுக்கு வந்தது. முகம் வெளுத்தது. இன்னும் தூக்கினான். காதுவரை வந்த கையை அங்கேயே இடது கையால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி நின்றான். மூப்பர்கள் கைகளை எண்ணி முடிக்கும்வரை இறக்கவில்லை.

ஓடிப்போய் அந்தக் கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. என் இடம் அது இல்லை. கையில் ஒன்றுமில்லை என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறேன். தொங்கப் போட்ட கையோடு மேடையடியில் நின்று என் புருஷன் வலியில் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வரிசையாக வந்து என் கையைக் குலுக்கினார்கள். சிலர் இரண்டு கையாலும் பிடித்தார்கள். வாசலில் எராஸ்மு இடது கையை நீட்டி, "கர்த்தருடைய சமாதானம், சகோதரி" என்றான். உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது. சமாதானம் சொன்னேன். பேருந்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்தான்.

வீட்டில் கோழிக்குழம்பும் சோளக்களியும் வைத்தேன். அவனுக்கு இறங்கவில்லை. மாத்திரை போட்டான். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தான். நான் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜூ, கொஞ்சம் மருந்து தடவி விடு" என்று குரல் வந்தது.

"கரண்டி அலமாரியில இருக்கு" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கையைத் துடைத்தேன். துடைத்த கையைப் பார்த்தேன். அது சூடாக இருந்தால் அவன் பயந்துவிடுவான். பயந்தால் மறுபடி கரண்டிதான். குளிர்பெட்டியைத் திறந்து, ஐஸ் தட்டின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். விரல் மரத்துப்போகும்வரை நின்றேன். சபை கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டு, என் வீட்டு அடுப்படியில் திருடி மாதிரி நின்று என் கையை நானே கொன்றுகொண்டிருந்தேன்.

பின்னால் போய் உட்கார்ந்து மருந்தைத் தடவினேன். அவன் துள்ளிவிட்டான்.

"என்னது இது, ஐஸ் பெட்டிக்குள்ள குடியிருந்தியா?"

"சும்மா கைதான்."

"ம்." கொஞ்சம் நேரம் கழித்து, "சும்மா கைதான்" என்று அவனும் சொல்லிக்கொண்டான். உடம்பு தளர்ந்தது. தோள் வீங்கியிருந்தது, கொதித்தது. தடவி முடித்துக் கையை எடுக்கப் போனேன். வைத்திரு என்பது போல முனகினான். வைத்திருந்தேன். மெதுமெதுவாக விரலுக்கு உயிர் வந்தது. பிறகு உள்ளங்கைக்கு வந்தது. அவன் சூடா, என் சூடா, ஐஸ் போன பிறகு எந்தக் கைக்கும் வருகிற சூடா, எனக்குத் தெரியாது. அவனுக்கும் சூடு தெரிந்துவிட்டது. முதுகு ஒரு கணம் அசையாமல் நின்றதில் எனக்குப் புரிந்தது.

"ஜூ."

"ம்."

"ஜெபம் பண்றியா?"

கதவைச் சாத்தி, சன்னலையும் சாத்தி, உள்ளே வைத்துக் கேட்டதுபோல் இருந்தது. ஆமாம் என்றால், பெண்பிள்ளை கை வைத்து ஜெபிக்கிறாள், சபைக்கு ஆகாது. இல்லை என்றால், இது பெயரில்லாத சூடு. பாஸ்டரின் தங்கை செத்த சூடு. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் நான் கையை எடுத்தாக வேண்டும்.

"இல்ல. நாளைக்குக் கருப்புப் பயறு ஊறப்போடணுமேன்னு நினைச்சிட்டிருக்கேன்" என்றேன்.

அவன் முதுகு என் கைப்பக்கமாகச் சாய்ந்தது. தூங்கிவிட்டான் என்றுகூட நினைத்தேன்.

"கையை எடுத்துடாத" என்றான். "பயறு நல்லா ஊறட்டும்."